தழும்பு, அட்டை, தாயின் நினைவு

தடுப்பூசியின் வரலாறு பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. எந்தக் குழந்தைக்கு எப்போது போடப்பட்டது, அடுத்த ஊசி எப்போது என்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் கணக்கை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இந்தியாவில் முதன்முதலாக அம்மை குத்தப்பட்ட குழந்தையின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. 1802 ஜூன் 14, பம்பாய். அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமி. அவள் கையில் எழுந்த கொப்புளத்தின் நீரை எடுத்து வேறு குழந்தைகளுக்குக் குத்தினார்கள். அப்படியே கைக்குக் கை மாறி அது பிற நகரங்களுக்குப் போனது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் குழந்தைகளின் உடம்பே மருந்தைச் சுமந்த கலம். அவளுக்குப் பின்னால் வந்த குழந்தைகளில் பெரும்பாலோரையும், அவர்களைத் தூக்கிவந்த தாய்மார்களையும் பெயர் சொல்லி நாம் அறியோம்.

தமிழில் நோய்க்கும் தாய்க்கும் தெய்வத்துக்கும் பொதுவான சொல் அம்மை. 'அம்மை குத்தின' காலத்தில் பதிவேடு உடம்பிலேயே இருந்தது. மேற்கையில் வட்டமாய் நின்ற தழும்புதான் சான்று. பெரியம்மை ஒழிப்புப் பணியாளர்கள் அந்தத் தழும்பைப் பார்த்தே கணக்கெடுத்தார்கள். 1977-இல் இந்தியா பெரியம்மையிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது.

ஒரே ஊசி என்றால் தழும்பு போதும். 1978-இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும் 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் வந்த பிறகு அது போதவில்லை. பிறந்தவுடன், 6, 10, 14-ஆவது வாரங்களில், ஒன்பதாம் மாதத்தில், ஒன்றரை வயதில், ஐந்து வயதில் என்று தேதிகள் பெருகின. முத்தடுப்பூசி தழும்பு விடுவதில்லை. எனவே தாயிடம் ஓர் அட்டையும் கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு பதிவேடும் தேவைப்பட்டன.

அந்தச் செவிலியரிடம் இன்னொரு பதிவேடும் இருந்தது: தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. எத்தனை குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு என்ன வயது, கருத்தடை செய்தாயிற்றா என்று கேட்பது அது. குழந்தையைக் காக்க வந்த கையும் தாயின் கருப்பையைக் கணக்கெடுத்த கையும் ஒன்றே. அந்தக் கைக்குரியவளும் ஒரு பெண்தான்; இலக்கு எட்டவில்லை என்றால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவள். தடுப்பூசிக்குத் தாய்மார்கள் தயங்கிய இடங்களில் அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதிவேடு ஓர் ஊரில் அசையாமல் இருக்கிறது. பெண் அப்படி இருப்பதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு புகுந்த வீடு திரும்புகிறாள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போகும் குடும்பமென்றால் ஆண்டில் பாதி நாள் வேறு ஊர். முதல் ஊசி ஓர் ஊரில், இரண்டாவது மற்றோர் ஊரில். இவற்றை இணைப்பது துணிகளுக்கு நடுவில் அவள் மடித்து வைத்திருக்கும் அட்டை ஒன்றே.

அட்டை தொலைந்தால்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அட்டையைப் பார்க்கிறது. அட்டை இல்லாவிட்டால் தாயிடம் கேட்டு எழுதிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றோர் 2015-16-இல் சுமார் 70 சதவீதம், 2019-21-இல் சுமார் 89 சதவீதம் என்னும் கணக்குகளில் தாய்மார்களின் நினைவும் கலந்திருக்கிறது. சொத்துப் பத்திரத்தில் பெண்ணின் வாய்ச்சொல்லை ஏற்காத சமூகம், இங்கே அதைப் புள்ளிவிவரமாக ஏற்கிறது. ஆனால் அந்த நினைவை உழைப்பு என்று சொல்வதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2011-இல் 12,000 ரூபாயாக உயர்ந்தபோது, கடைசித் தவணை குழந்தையின் தடுப்பூசிகளோடு பிணைக்கப்பட்டது. தேதி தவறினால் நட்டம் தாய்க்கு. திட்டு விழுவதும் தாய்க்கே.

இப்போது நினைவூட்டல் கைபேசிக்கு வருகிறது. 2023-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய யு-வின் தளம், பதிவான எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. நல்லதுதான். பல வீடுகளில் அந்த எண் கணவனுடையது. செய்தி அவன் சட்டைப்பையில் ஒலிக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊசிக்கு நடப்பவள் அவள். தந்தைக்கும் செய்தி போகட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனும் வரிசையில் நிற்கட்டும். தாயின் எண் கட்டாயம் பதிவாகட்டும். திரையில் எத்தனை தகவல் ஏறினாலும் அந்தக் காகித அட்டையை நிறுத்திவிடக் கூடாது. அரசு அவளைப் பற்றி எழுதிவைத்த எத்தனையோ பதிவுகளில் அவள் கையிலேயே இருப்பது, அவள் எடுத்துப் பார்த்து இன்னும் என்ன பாக்கி என்று கேட்க முடிவது, அது ஒன்றுதான்.