மிதிவண்டியும் மணிக்கணக்கும்

சென்னைத் துறைமுகத்திற்கு மேற்கே, பேசின் பாலத்தை அடுத்து, மூலக்கொத்தளம் என்னும் பகுதி இருக்கிறது. அதன் பெயரிலேயே வரலாறு உண்டு. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். அத்தகைய ஆபத்து மீண்டும் வாராதிருக்க, ஆங்கிலேயர் கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினர். அம்மதிலின் மூலையில் அமைந்த கொத்தளமே மூலைக்கொத்தளம். அதுவே மக்கள் நாவில் தேய்ந்து மூலக்கொத்தளம் ஆயிற்று. மதிலுக்கென்று விதிக்க எண்ணிய வரி வால்டாக்ஸ் சாலையின் பெயரில் மட்டும் நின்றுவிட்டது.

மதில் போயிற்று, ஆலைகள் வந்தன. பக்கிங்காம் ஆலை, கர்நாட்டிக் ஆலை, இரயில்வே பட்டறை, துறைமுகம் ஆகியவற்றில் உழைத்தவர்கள் இச்சுற்றுவட்டாரமெங்கும் குடியேறினர். அவர்களுடைய குடும்பங்கள், 1960-களிலும் 70-களிலும், பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒருங்கே சென்று கண்டு மகிழ்ந்த காட்சி ஒன்றைப் பற்றியே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். தமிழ்நாட்டின் பிற நகரங்களிலும் சிற்றூர்களிலும் அது நடந்ததுண்டு. அதுதான் இரவு பகலாக இறங்காமல் சைக்கிள் ஓட்டுதல்.

ஊரின் நடுவே ஒரு வெற்றுமனை. அதன் மையத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒலிபெருக்கி. வட்டமாகக் கயிறு கட்டியிருக்கும். அவ்வட்டத்தினுள் ஒருவர் மூன்று நாளோ, ஐந்து நாளோ, ஏழு நாளோ, காலைத் தரையில் ஊன்றாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். உண்பதும் வண்டிமேல், குளிப்பதும் வண்டிமேல், உடை மாற்றுவதும் வண்டிமேல். குடத்து நீரை ஓடும் வண்டியிலிருந்தே வாங்கித் தலையில் ஊற்றிக்கொள்வார். கைப்பிடியை விட்டு ஓட்டுவார். இருக்கையின்மேல் எழுந்து நிற்பார். தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டைக் குனிந்து எடுப்பார். மகிழ்ந்தவர்கள் அவர் சட்டையில் நோட்டைக் குத்துவார்கள். நுழைவுச் சீட்டு கிடையாது. மக்கள் மனமுவந்து கொடுப்பதே அவருடைய கூலி.

இதனைப் பந்தயம் என்று சொல்லலாமா? எதிராளி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும், தம் உடலின் உறுதியை மிதிவண்டியின்மேல் காட்டி அதனால் பிழைத்தவர்களைத் தொழில்முறை மிதிவண்டி வீரர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அன்றியும், நம் மூலக்கொத்தளத்து வட்டத்திற்கு மிக நெருங்கிய உறவினர் ஒருவர் மேனாட்டில் உண்டு. அதுதான் 'ஆறு நாள் பந்தயம்'.

மேனாட்டு மிதிவண்டிப் பந்தயம் என்றவுடன் உங்களுக்கு 'டூர் டி பிரான்ஸ்' நினைவுக்கு வரும். 'லோட்டோ' என்னும் பாரிஸ் நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்க 1903-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது அது. ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். புறப்பட்டோர் 60 பேர், முடித்தோர் 21 பேர். வென்ற மோரிஸ் கரேன் இளமையில் புகைபோக்கிகளைத் துடைத்துப் பிழைத்தவர். அப்பந்தயத்தைக் காணும் குடும்பங்கள் உணவு மூட்டையுடன் சாலையோரத்தில் காலை முதல் காத்திருப்பர். வீரர்கள் வருவர், கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுவர். அவர்கள் படும் பாடு அடுத்த மலைக்கு அப்பால் நடக்கும். காத்திருந்தவர் கண்ணில் அது படாது. ஆறு நாள் பந்தயமோ அரங்கினுள் நடப்பது. ஓட்டுபவன் எங்கும் போய்விட முடியாது. அவன் களைப்பே அங்குக் காட்சி.

அதன் தொடக்கம் லண்டனில். 1878-ஆம் ஆண்டு, டேவிட் ஸ்டாண்டன் என்பவர், ஆறு நாளில் ஆயிரம் மைல் ஓட்டுவேன் என்று பந்தயம் கட்டி, இஸ்லிங்டன் பகுதியிலிருந்த வேளாண்மை மண்டபத்தில், முன்சக்கரம் ஆளுயரம் இருந்த பழைய வண்டியில் ஓட்டி வென்றார். அவ்வாண்டின் இறுதியில் பலர் கலந்துகொண்ட போட்டியே நடந்தது. ஏன் ஆறு நாள் என்று கேட்பீர்களாயின், ஏழாம் நாள் ஞாயிறு. அன்று கேளிக்கை கூடாது என்பது கிறித்தவச் சமயத்தார் கட்டுப்பாடு. உடலுக்கு ஓய்வு வேண்டும் என்று எண்ணி வைத்த எல்லையன்று அது.

1891-இல் இப்பந்தயம் நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கிற்கு வந்தது. அங்கேதான் அது பெருங்கூட்டத்தின் களிப்பாயிற்று. எத்தனை மணி நேரம் வேண்டுமாயினும் ஓட்டலாம். உறங்குபவன் பின்தங்குவான் என்பதே விதி. 1896-இல் டெடி ஹேல் என்னும் அயர்லாந்துக்காரர் 1,910 மைல் ஓட்டினார். அடுத்த ஆண்டு சிகாகோவின் சார்லஸ் மில்லர் 2,093 மைல், அதாவது ஏறத்தாழ 3,370 கிலோமீட்டர் ஓட்டினார். கன்னியாகுமரியிலிருந்து இமயத்தை எட்டும் தொலைவை ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றியே கடந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்! உறக்கத்தை விரட்ட உதவியாளர்கள் காப்பி கொடுத்தனர். போதாதபோது ஸ்டிரிக்னைன் கொடுத்தனர். நம் நாட்டுக் காடுகளில் விளையும் எட்டிக்கொட்டையின் நஞ்சு அது.

1896-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஓட்டியவர்களுள் ஒருவர் மார்ஷல் டெய்லர். கறுப்பின இளைஞர்; வயது 18. உறக்கமின்மையால் அவர் அறிவு மயங்கிற்று. கத்தியுடன் ஒருவன் தம்மைத் துரத்துகிறான் என்று அலறினார். ஆயினும் 1,732 மைல் ஓட்டி எட்டாம் இடம் பெற்றார். அவரே 1899-இல் மான்ட்ரியல் நகரில், ஒரு மைல் விரைவோட்டத்தில் உலக வாகையர் ஆனார். நிறத்தின் பெயரால் தம்மைப் பந்தயங்களிலிருந்து விலக்க முயன்ற நாட்டிலிருந்து எழுந்து அவ்வுயர்வை அடைந்தார் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. அவர் 1932-இல் சிகாகோவில் வறுமையில் இறந்தார்.

பந்தயத்தைப் பார்த்தவர்கள் கொடியவர்களோ எனில், அல்லர். குடும்பத்தோடு வந்தவர்களும் இருந்தனர், வீரர்களுக்கு மலர் கொடுத்தனர், இரங்கவும் செய்தனர். 1898-இல் மில்லர் பந்தய நாளிலேயே அவ்வரங்கில் திருமணம் செய்துகொண்டார், கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் இரக்கம் ஒருபுறமும் சீட்டு விற்பனை ஒருபுறமுமாக இருந்தமையால், யாரும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தியது சட்டம். ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் பந்தயம் ஓட்டலாகாது என்று நியூயார்க் மாநிலம் விதித்தது. பந்தயம் நடத்துவோர் கைவிடவில்லை. ஓர் அணிக்கு இருவர். ஒருவர் இளைப்பாற மற்றவர் ஓட்டலாம் என்று வகுத்தனர். 1899 டிசம்பரில் மில்லரும் பிராங்க் வாலரும் இணைந்து 2,733 மைல் ஓட்டி வென்றனர். ஓய்வு கொடுத்தபோது ஓட்டமும் மிகுந்தது! ஆலை முதலாளிகள் பலர் அறிய மறுத்த கணக்கு இது.

ஆலைக் கணக்கை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த 12 மணி என்னும் எண் நம் ஆலைகளுக்கும் வந்தது. 1911-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி என வரையறுத்தது. 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியா தலைமையில், திரு. வி. க. முதலியோர் துணைநிற்க, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, அவர்களுடைய முதற்குறைகளுள் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பதே. 1922-இல் நாளொன்றுக்கு 11 மணி, 1934-இல் 10 மணி, 1948-இல் 9 மணியும் வாரத்திற்கு 48 மணியும் எனச் சட்டம் படிப்படியாக இறங்கிற்று. ஒவ்வொரு படிக்கும் பின்னால் வேலைநிறுத்தங்களும் பட்டினியும் உண்டு.

ஆதலின் மூலக்கொத்தளத்து வட்டத்தைச் சுற்றி நின்றவர்கள் யாவர் என்பதை எண்ணிப் பாருங்கள். தம் உழைப்பின் மணிக்கணக்கைப் போராடிக் குறைத்துக்கொண்டவர்கள். எட்டு மணி நேர வேலை முடிந்து, குளித்து, உண்டு, குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, 24 மணி நேரமும் உழைக்கும் ஒருவரைக் காண வந்தார்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. அவருக்குச் சங்கமும் இல்லை. மாற்றி ஓட்ட இரண்டாமவரும் இல்லை.

என் பத்தாம் வயதில், ஐந்தாம் நாள் இரவு, என் பெற்றோருடன் நானும் அக்கூட்டத்தில் பாயில் அமர்ந்திருந்தேன். வித்தைகள் நின்றுவிட்டன. அவர் கால் வீங்கியிருந்தது. தலை சாயும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் பாட்டை உரக்க வைத்தார்கள்.

"யாரு பெத்த புள்ளையோ, எறங்கச் சொல்லக் கூடாதா?" என்றார் என் தாயார்.

"எறங்கிட்டா யாரு துட்டு குடுப்பாங்க?" என்றார் ஆலைத் தொழிலாளியான என் தந்தையார். சொல்லிவிட்டு எழுந்து சென்று, இரண்டு ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்திவிட்டு வந்தார். இருவர் சொல்லும் நியாயமே. இடையில் சிக்கியவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

இக்காட்சியை இழிவானது என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. தொழிற்சாலையின் மிதிவண்டிகள் 1951 முதல் வெளிவந்தபின்னும், ஒரு சைக்கிளைச் சொந்தமாக வாங்குவது தொழிலாளிக்குப் பெருஞ்செலவாகவே இருந்தது. பலர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தனர். அந்த வண்டியையே மேடையாக்கி, ஒரு காசும் கேளாமல், ஏழைக் குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து பார்க்கும்படி ஒரு கலையை ஆக்கினார்கள் அவ்வீரர்கள். குறை கலையில் இல்லை, நேரத்தில் இருந்தது. நாளுக்கு ஆறு மணி ஓட்டினாலும் மக்கள் வந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆயின் அதைச் சொல்வதற்கு நியூயார்க்கில் இருந்ததைப்போல் ஒரு சட்டம் இங்கே இருக்கவில்லை.

1980-களில் தொலைக்காட்சி தெருவுக்குத் தெரு பரவியபின், கயிறு கட்டிய வட்டங்கள் அருகின. நியூயார்க் சட்டம் பிறப்பித்த இருவர் ஓட்டமோ, அவ்வரங்கின் பெயரால் 'மேடிசன்' என்று வழங்கி வாழ்கிறது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆடவருக்கும், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிருக்கும் அது சேர்க்கப்பட்டது. ஒருவர் முழு விரைவோடு ஓட்ட, இணையானவர் தடத்தின் மேட்டுப்பக்கத்தில் மெல்லச் சுற்றி மூச்சு வாங்குவார். பின்னர் இறங்கி வந்து கையை நீட்டுவார். களைத்தவர் அக்கையைப் பற்றித் தம் விரைவையெல்லாம் கொடுத்து முன்னே வீசிவிட்டு, தாம் மேட்டுக்கு ஏறுவார்.