அரியலூர் விபத்தும் ஒரு அமைச்சரின் ராஜினாமாவும்

1956 நவம்பர் 23. விடிவதற்கு முன்பான நேரம். சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்றுகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. கனமழையால் பெருகிய வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று அரியலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. (பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது 2007-இல், அதே நவம்பர் 23 அன்று!)

அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் அருகே நடந்த விபத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தபோதே அவர் ராஜினாமா செய்ய முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் மறுபடி கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மீது தனிப்பட்ட குற்றம் எதுவும் இல்லை, ஆனால் அரசியல் சாசன மரபுக்கு இது நல்ல முன்மாதிரி என்பதே நேரு நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம்.

இந்த ராஜினாமாவைச் சட்டம் கேட்டதா? இல்லை. அரசியல் சாசனத்தின் 75-ஆம் பிரிவுப்படி அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்றால் அமைச்சரவை முழுவதும் விலக வேண்டும். தனி ஒரு அமைச்சரை மட்டும் ஓட்டெடுப்பால் நீக்க மக்களவைக்கு வழியில்லை. அவர் குடியரசுத் தலைவர் விரும்பும் வரை பதவியில் இருப்பார், அதாவது நடைமுறையில் பிரதமர் விரும்பும் வரை. ஆகவே தனிப் பொறுப்பு என்பது எழுதப்படாத மரபாகவே இருக்கிறது. அமெரிக்காவில் அமைச்சர்கள் காங்கிரசில் உறுப்பினர்களாக இருப்பதில்லை. ஆனால் ஒருவர் மீது மட்டும் குற்றம் சாட்டி நீக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு.

அதிகம் பேசப்படாத இன்னொரு கட்டுப்பாடும் உள்ளது. விபத்தை யார் விசாரிப்பது? ரயில்வே வாரியத்தின் கீழேயே ஆய்வாளர்கள் இருந்தால் தன் தவறைத் தானே விசாரிப்பது போலாகும். அதனால் 1941-இலேயே ரயில்வே ஆய்வாளர்கள் ரயில்வே வாரியத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, தபால், விமானத் துறையின் கீழ் வைக்கப்பட்டனர். அந்த அமைப்புதான் இன்றைய ரயில்வே பாதுகாப்பு ஆணையம். அது இன்று விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் உள்ளது. ரயிலை விமானத்துறை விசாரிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் காரணம் இதுதான்.

மூன்றாவது கட்டுப்பாடு வாக்காளர்கள். ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் தமிழகத்தைச் சேர்ந்தவர். 1957 தேர்தலில் முதன்முறையாகக் களமிறங்கிய தி.மு.க. அரியலூர் விபத்தைப் பிரசாரத்தில் முழங்கியது. அழகேசன் செங்கல்பட்டில் தோற்றார். விலகிய சாஸ்திரியோ அதே தேர்தலில் அலகாபாத்தில் வென்று மறுபடி அமைச்சரானார்.

அந்த மரபு பிறகு அடிக்கடி பின்பற்றப்படவில்லை. 1999-இல் கைசால் விபத்துக்குப் பின் நிதிஷ் குமார் விலகினார். பல பெரிய விபத்துகளில் அமைச்சர்கள் பதவியிலேயே நீடித்தனர். 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோரில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் எதிர்க்கட்சிகள் ராஜினாமா கேட்டன, அமைச்சர் விலகவில்லை. விசாரணையை மட்டும் பாதுகாப்பு ஆணையர் நடத்தினார்.