நீலப்பல்லும் மந்தைவெளிப் புறம்போக்கும்

காரில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசியில் ப்ளூடூத்தைத் தட்டுகிறோம். ரேடியோவின் பெயர் திரையில் வருகிறது. நான்கு இலக்க எண் கேட்டால் கொடுக்கிறோம், பல சமயம் அதுவும் கேட்பதில்லை. பாட்டு ஓட ஆரம்பிக்கிறது. மொத்தம் அரை நிமிட வேலை.

இந்த அரை நிமிடத்தில் நாம் செய்யாமல் விட்ட காரியம் ஒன்று இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தபால் ஆபீஸ் வரிசையில் நின்று பணம் கட்டி முத்திரை வாங்கவில்லை.

தபால் ஆபீஸுக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் வேலை பார்ப்பது ஏர்பேட்டில். திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகும் வழியில் இருக்கிறது. ரேணிகுண்டா–கூடூர் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன். ஐஐடியும் ஐசரும் வந்தபிறகு பேர் கொஞ்சம் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது. சென்னையில் கிளம்பும்போது காரில் வைக்கும் எஃப்.எம். இந்த ஊர் வருவதற்குள் கரகரத்து ஓய்ந்துவிடும். நெல்லைக்காரனான எனக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் கைப்பேசியைத்தான் ரேடியோவோடு கோர்க்க வேண்டும். தினமும் செய்கிற இந்த வேலைக்குப் பின்னால் என்ன கதை என்று தேடப்போய், அது நூறு வருஷத்துக் கதையாக நீண்டுவிட்டது.

ஏர்பேடு அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அந்த மாகாணத்தில் வானொலியை ஆரம்பித்தது அரசாங்கம் அல்ல, ஒரு மன்றம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பு ஆரம்பமானது. ஆர்வலர்கள் கைக்காசில் நடத்திய காரியம் எவ்வளவு நாள் ஓடும்? 1927-ல் பணமுடையில் நின்றது. டிரான்ஸ்மிட்டரை சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் அதை ஓட்டியது. கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டி ஜனங்களைக் கேட்க வைத்தார்கள். 1938 ஜூன் 16-ல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது.

இதற்கிடையில் 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நிலையங்களைத் திறந்தது. அதன் வருமானக் கணக்கைப் பாருங்கள். ரேடியோ வைத்திருப்பவர் வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அதில் 8 ரூபாய் கம்பெனிக்கு. மூன்று வருஷம் ஆகியும் நாடு முழுக்க லைசென்ஸ் எண்ணிக்கை 8,000-ஐ எட்டவில்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார் :-) 1930 மார்ச்சில் கம்பெனி திவாலானது.

லைசென்ஸ் எடுக்காமல் திருட்டுத்தனமாகக் கேட்டவர்களும் நிறைய. அவர்களைப் பிடிக்க வந்ததுதான் 1933-ஆம் வருஷத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ *வைத்திருப்பதே* குற்றம். முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம், மறுபடி மாட்டினால் 250 வரை. பெட்டி உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் இருந்தால் அது உங்களுடையது என்றே கோர்ட் அனுமானிக்கலாம் என்று ஒரு பிரிவும் உண்டு. அந்தக் காலத்து 100 ரூபாய்!

வெள்ளைக்காரன் போனபிறகும் இந்தச் சட்டம் போகவில்லை. தபால் ஆபீஸில் பாஸ்புக் மாதிரி சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். வருஷா வருஷம் பணம் கட்டினால் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்துவார்கள். எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் புத்தகம் ஒன்று கிடந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1952-ல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. ஜனங்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆக, கட்டணம் டெல்லிக்கு, பாட்டு கொழும்பிலிருந்து. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது இதனால்தான். லைசென்ஸ் கட்டணம் முழுசாக ஒழிந்தது 1980களில்.

கேட்பதற்கே இந்தப் பாடு. அப்படியானால் நாமே அலையை *அனுப்புவது*? அதை நினைத்தும் பார்க்க முடியாது. இந்த இடத்தில்தான் கைப்பேசியும் கார் ரேடியோவும் கதைக்குள் வருகின்றன.

கார் ரேடியோவுக்கு வயது அதிகம். 1930-லேயே சிகாகோவில் பால் கால்வினின் கம்பெனி 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ விற்றது. கையில் தூக்கிப் போகிற டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-ல் வந்தது. இரண்டுமே நிலையம் அனுப்புவதைக் கேட்கப் பிறந்தவை. நம் பையில் இருக்கும் பாட்டை அவற்றுக்குள் நுழைக்க வழி கிடையாது.

வழி தேடியவர்கள் செய்த வேலைகள் சுவாரஸ்யமானவை. கேசட் மாதிரியே ஒரு டப்பா, அதிலிருந்து வால் போல ஒரு ஒயர். ஒயரை பாட்டுக் கருவியில் செருகினால் கார் பிளேயர் கேசட் ஓடுவதாக நம்பிவிடும். அடுத்து வந்தது சிகரெட் லைட்டர் துளையில் செருகும் குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். காரின் ரேடியோவைக் காலியான ஓர் அலைவரிசையில் வைத்துவிட்டு, அதே அலைவரிசையில் நாமே ஒரு 'நிலையம்' நடத்துவது. நோக்கியா 2008-ல் கொண்டுவந்த என்78 கைப்பேசிக்குள்ளேயே இப்படி ஒரு டிரான்ஸ்மிட்டர் இருந்தது.

ஆனால் எஃப்.எம். அலைவரிசை பட்டா நிலம். நிலையங்கள் உரிமம் வாங்கி உட்கார்ந்திருக்கும் இடம். அதில் கூடாரம் போட்டால் அரசாங்கம் சும்மா விடுமா? பிரிட்டனில் இந்தக் குட்டி டிரான்ஸ்மிட்டர்கள் 2006 டிசம்பர் 8 வரை சட்டவிரோதம். அன்றைக்கு அனுமதித்தபோதும் 50 நானோவாட் என்ற எல்லைக்குள்தான். பெரிய நகரங்களில் காலியான அலைவரிசை கிடைப்பதும் கஷ்டம். பக்கத்து நிலையம் மேலே ஏறிக்கொள்ளும்.

ப்ளூடூத் தேர்ந்தெடுத்தது வேறு நிலம். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அது. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக நாடுகள் தொழிற்சாலை, விஞ்ஞானம், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கின. அதில் இதுவும் ஒன்று. அடுப்புகளும் கருவிகளும் இரைச்சல் போடும் இடம் என்பதால் செய்தித் தொடர்புக்கு ஆகாது என்று எண்ணினார்கள். 1985-ல் அமெரிக்கா, குறைந்த சக்தியில், அலையைப் பரப்பியோ தாவித்தாவியோ அனுப்பினால் உரிமம் இல்லாமலே இந்த இடத்தைப் பயன்படுத்தலாம் என்றது. வைஃபை, ப்ளூடூத் எல்லாம் முளைத்தது அந்த வரப்பில்.

சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்ஸன் கம்பெனி 1994-ல் இந்த வேலையைத் தொடங்கியது. முக்கியமானவர்கள் யாப் ஹார்ட்சன், ஸ்வென் மாட்டிஸன். 1998-ல் எரிக்ஸன், இன்டெல், நோக்கியா, தோஷிபா, ஐபிஎம் ஐந்தும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தன. பெயர் கொடுத்தவர் இன்டெலின் ஜிம் கார்டாக். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் 'நீலப்பல்' ராஜா சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்ததுபோல இது கருவிகளைச் சேர்க்கும் என்பது கணக்கு. முதலில் வந்தது ஹெட்செட்டில் பேசும் வசதி. ஸ்டீரியோவில் பாட்டு அனுப்பும் முறை சில வருஷம் கழித்தே வந்தது.

இரைச்சலான இடத்தில் எப்படிப் பாட்டு கேட்கிறது? அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்து, வினாடிக்கு 1,600 முறை தடம் மாறுகிறார்கள். எந்த வரிசையில் தாவுவது என்பது உங்கள் கைப்பேசிக்கும் ரேடியோவுக்கும் மட்டும் தெரியும். இணைத்துக்கொள்வதில் இந்த ஒப்பந்தமும் அடக்கம். ஒரு தடத்தில் வைஃபை மறித்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றில் ஓடும். தாவித்தாவிப் பேசும் யோசனைக்கு ஹெடி லமார் என்ற நடிகையும் ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசைக்கலைஞரும் 1942-லேயே காப்புரிமை பெற்றிருந்தார்கள். அவர்கள் யோசித்தது டார்ப்பிடோவுக்காக.

சக்தி எவ்வளவு என்கிறீர்கள்? சாதாரணக் கைப்பேசி ப்ளூடூத்துக்கு 2.5 மில்லிவாட் போதும். எங்கள் பக்கத்திலேயே இதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. திருப்பதிக்கு அருகே காதங்கியில் விண்வெளித் துறையின் வளிமண்டல ஆய்வகத்தில் 1,024 ஆன்டெனாக்கள் வைத்து வானத்தைத் துழாவும் ரேடார். அதன் உச்ச சக்தி 2.5 மெகாவாட். ப்ளூடூத்தைப்போல சரியாக நூறு கோடி மடங்கு! அதுவும் ரேடியோ அலைதான், இதுவும் ரேடியோ அலைதான். 1933 சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே இனம்.

இந்தியாவில் இந்த முடிச்சு முழுசாக அவிழ்ந்தது 2005 ஜனவரி 28-ல். 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று அன்றைக்கு மத்திய அரசு விதி வெளியிட்டது. கருவி செய்பவர் மாதிரிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். நாம் எதுவும் வாங்க வேண்டாம். பதிலுக்கு மூன்று நிபந்தனை: பிறருக்கு இடைஞ்சல் செய்யாதே, உனக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்புக் கேட்காதே, எல்லோரோடும் பகிர்ந்துகொள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது நிலப் பதிவேடு. பயிர்க்கடன் மனுவோடு அடங்கலும் 1-பி நகலும் வரும். தமிழ்நாட்டில் போலவே ஆந்திரத்துப் பதிவேடுகளிலும் 'புறம்போக்கு' என்ற சொல் உண்டு. மந்தைவெளி யார் பேரிலும் இருக்காது. யார் மாடும் மேயலாம். வேலி போட முடியாது. எல்லோரும் உபயோகிக்கும் அந்த நிலத்துக்குக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வானத்தின் மந்தைவெளி.

பக்கத்துப் பட்டா நிலங்களின் விலை தெரியுமா? 2010-ல் 3ஜி ஏலம் 67,719 கோடி ரூபாய். 2022-ல் 5ஜி ஏலம் 1,50,173 கோடி. ஏலத்தில் வந்த பணம் அரசுக்கு வருமானம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பைசா வராத இந்தப் புறம்போக்கில்தான் டீக்கடைப் பெட்டி, டிராக்டரில் கட்டிய ஸ்பீக்கர், ஷேர் ஆட்டோ ரேடியோ, ஆஸ்பத்திரிக் கருவி, வீட்டு வைஃபை எல்லாம் பிழைக்கின்றன. வான்வழி அலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில். பொதுச் சொத்தை விற்பது ஒரு வகை. பொதுவாகவே விட்டுவைப்பது இன்னொரு வகை. முதல் வகைக்கு ரசீது உண்டு, ஆகவே பேப்பரில் தலைப்புச் செய்தி ஆகும். இரண்டாவதற்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத சொத்துதான் முதலில் ஆக்கிரமிப்புக்குப் போகும் என்பது கிராமத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

இது பழங்கதை இல்லை. 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் கம்பெனிகளுக்கு ஏலம் விடுவதா, பொதுவுக்குத் திறப்பதா என்று வருஷக்கணக்கில் இழுபறி நடந்தது. 2025 மே மாதம் அதன் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறக்க வரைவு விதிகள் வெளிவந்தன. 1933 சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. புதுச் சட்டத்திலும் எதற்கு உரிமம், எதற்கு விலக்கு என்று தீர்மானிக்கும் பேனா அரசாங்கத்தின் கையில்தான். மந்தைவெளி எவ்வளவு பெரியது என்பது அந்தப் பேனாவைப் பொறுத்தது.

ஸ்பெக்ட்ரம் என்றாலே ஊழல், ஏலம், கோடி என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். ஏலத்துக்கு வராத துண்டு எவ்வளவு, அது கூடுகிறதா குறைகிறதா என்றும் கேட்டுப் பழக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். காரில் பாட்டு மாற்றிக்கொண்டே வரும் பிள்ளைகளிடம் ஒருமுறை அதைக் காட்டுங்கள். பாட்டு கேட்க முத்திரை குத்தினார்களா என்று சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள்.