டயலில் இல்லாத பெயர்

ஊரிலிருந்து யார் வந்தாலும் சாலார் ஜங் மியூசியத்துக்கு நான்தான் கூட்டிப்போக வேண்டும். கடிகார ரிப்பேர்காரனுக்கு ஹைதராபாதில் வேறென்ன கௌரவம்? மணி அடிக்கும் நேரம் நெருங்கினால் கூட்டம் குக் அண்ட் கெல்வி கடிகாரத்தின் முன்னால் முண்டியடிக்கும். ஒரு குட்டிப் பொம்மை கதவைத் திறந்து வந்து மணியடித்துவிட்டு உள்ளே போகும். வேடிக்கைதான், மறுக்கவில்லை. எனக்கு மனசு நிற்பது பிரெஞ்சுக் கடிகாரங்களிடம்.

15ஆம், 16ஆம் லூயி மன்னர்கள் காலத்துச் சரக்கு அவை. திவான் பதவியை 1914இல் விட்டுவிட்டு, 1949இல் கண்மூடும்வரை பொருள் சேர்ப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட மூன்றாம் சாலார் ஜங்கின் குடும்பச் சேகரிப்பு இது. 1951 டிசம்பரில் அதை மியூசியமாக நேரு திறந்துவைத்தார்.

பாரிஸ்காரர்களுக்குக் கடிகாரம் என்றால் மேலே ஒரு புராணக் கதை வேண்டும். அரிவாள் பிடித்த காலதேவன், அம்பு வைத்திருக்கும் மன்மதன் க்யூபிட், வீனஸ். கிழவனின் அரிவாளைக் க்யூபிட் பறித்துக்கொள்வதாக ஒரு ஜோடனை அங்கே ரொம்பப் பிரபலம்: காதலுக்கு முன் காலம் தோற்றதாம். ஆனால் வெள்ளை எனாமல் டயலில், சாவித் துளைகளுக்குப் பக்கத்தில், கடிகாரக்காரர் பெயரும் 'பாரிஸ்' என்ற ஊர்ப்பெயரும் மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். வெண்கலம் வார்த்தவன், உளியால் செதுக்கித் தீர்த்தவன், முலாம் பூசியவன் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். பாரிஸில் கைவினைஞர் சங்கங்கள் வேலையை அப்படிப் பிரித்து வைத்திருந்தன.

"தங்கமா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. மேல்தோல் மட்டும் தங்கம். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய் பதத்தில் வெண்கலத்தின்மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் புகையாகப் போய்விடும், பொன் ஒட்டிக்கொள்ளும். பிறகு அகேட் கல்லால் தேய்த்தால் பளபளப்பு. நல்ல வேலைக்காரன் ஆடை மடிப்பை மங்கலாக விட்டு, தோளையும் விளிம்பையும் மட்டும் மினுக்குவான். கண்ணாடிக்குள் இருந்தாலும் அந்த வித்தியாசம் தெரியும், பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

அந்தப் புகை யார் மூச்சில் போயிற்று? கைநடுக்கம், பல் உதிர்தல், சீக்கிர மரணம். முலாம்காரனுக்கு மிஞ்சியது அதுதான். என்னைப் போன்ற கடிகாரக்காரன் பெயர் டயலில் மின்னுகிறது. உயிரைக் கொடுத்தவன் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு இது உறுத்தும்.

ராவ்ரியோ என்ற பாரிஸ் வெண்கல வியாபாரிக்கும் உறுத்தியிருக்கிறது. 1814இல் இறந்தவர், முலாம்காரர்களைப் பாதரசத்திலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதிவைத்தார். புகையை மேலே இழுத்துக்கொள்ளும் அடுப்பு அமைத்து தார்செ என்ற வேதியியலாளர் அதை வாங்கினார்; 1818இல் நூலாகவும் போட்டார். 1840இல் எல்கிங்டன் இங்கிலாந்தில் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் பாதரசச் சட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்வு வந்தது.