பறங்கி நோயும் பழி சுமந்த தாய்மாரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1624இல் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், 1639இல் அதைப் பறித்த ஒல்லாந்தர், 1795இல் புகுந்து 1957 வரை கடற்படைத் தளத்தை வைத்திருந்த ஆங்கிலேயர் ஆகியோரைப் பாடநூல்கள் மறப்பதில்லை. பெண்களின் உடலில் எழுதப்பட்ட வரலாறோ படிப்பாரற்றுக் கிடக்கிறது. கருவுற்றுக் கருவுற்று இழந்த தாய்மாரின் கதை அதில் ஒரு பக்கம். அதைப் படிக்க நாம் ஒரு சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். அச்சொல் 'பறங்கி'.

இலங்கையின் உலர் வலயக் கிராமங்களை அரித்த புண்நோய் ஒன்றுக்கு மக்கள் இட்ட பெயர் அது. அந்நியனோடு வந்த நோய் என்ற நம்பிக்கை அப்பெயரில் உறைந்திருக்கிறது. 1881இல் வைத்தியர் கின்சி இந்நோய் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். 1905இல் கொழும்பில் பணியாற்றிய அல்டோ கஸ்டெலானி இதன் கிருமியைக் கண்டார். பாலுறவால் பரவாத இந்நோய், வறுமையும் நெருக்கடியும் மிகுந்த குடிசைகளில் குழந்தைகளைத் தொற்றியது. ஆனால் இதன் கிருமியும் கிரந்தி எனப்படும் சிபிலிசின் கிருமியும் நெருங்கிய உறவினம்.

சிபிலிசோ துறைமுகங்களுக்கு வந்த சாபம். கருவைக் கொல்லும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஏகாதிபத்தியம் கவலைப்பட்டது கருவுக்காக அன்று, தன் மாலுமிக்காகவும் சிப்பாய்க்காகவும். 1867இல் இலங்கையில் பிறந்த தொற்றுநோய்ச் சட்டம் விலைமாதர் எனக் கருதப்பட்ட பெண்களைக் கட்டாயச் சோதனைக்கு உள்ளாக்கியது, ஆணை விட்டுவைத்தது. நோயின் பெயரால் பெண்ணை விசாரிக்கும் வழக்கம் இவ்வாறு சட்டமாயிற்று.

1906இல் ஜெர்மனியில் வாசர்மான் குழுவினர் சிபிலிசுக்கு இரத்தப் பரிசோதனை ஒன்றை அமைத்தனர். உலகெங்கும் பரவிய அப்பரிசோதனையில் ஒரு குறை இருந்தது. அது கிருமியைக் காட்டவில்லை. மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த சாறு கொண்டும் அது நடந்தது! அச்சாற்றில் வினைபுரிவது ஒரு கொழுப்புப் பொருளே என 1941இல் அமெரிக்காவில் மேரி பாங்போர்ன் நிறுவி, அதற்குக் கார்டியோலிப்பின் எனப் பெயரிட்டார். ஆக, அப்பரிசோதனை கண்டது அக்கொழுப்போடு வினைபுரியும் பிறபொருளெதிரிகளை மட்டுமே. பறங்கி நோயாளியின் இரத்தமும் அதில் 'ஆம்' என்றது. இரு நோயும் தீண்டாத சிலரின் இரத்தமும் 'ஆம்' என்றது.

கிருமியையே கொண்டு சோதிக்கும் முறை 1949இல் வந்தபின்தான் இப்பொய்ச்சாட்சி தெளிவாக வெளிப்பட்டது. 1952இல் கொன்லியும் ஹார்ட்மனும், பொய்ச்சாட்சி கூறிய இரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டனர். விந்தை என்னவெனில், சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதிக்கும் அப்பொருள், உடலுக்குள் இரத்தத்தைக் கட்டியாக்குகிறது. 1975இல் சுவீடனில் இங்கா மேரி நில்சனும் துணைவரும் அதைக் கருவில் நேரும் மரணத்தோடு இணைத்துக் காட்டினர். 1983இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ், இரத்தக் கட்டியும் கருச்சிதைவும் சேர்ந்த ஒரே நோயாக இதை விளக்கினார். இப்பிறபொருளெதிரிகள் நச்சுக்கொடியின் உயிரணுக்களைத் தாக்குகின்றன. அதன் நுண்குழாய்களில் இரத்தத்தை உறையச் செய்கின்றன. கரு ஊட்டமின்றி மடிகிறது.

ஒருமுறை நேரும் கருச்சிதைவு பெரும்பாலும் கருவின் நிறமூர்த்தக் குறையால் விளைவது. ஆனால் திரும்பத் திரும்பக் கருவை இழந்த 500 பெண்களை லண்டனில் ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பதினைவரிடம் இந்நோயின் அடையாளம் நிலைத்திருந்தது. இத்தகைய பெண்ணை ஊர் 'கரு தங்காதவள்' என்றது. கிரக தோஷம் என்றது. கையில் அறிக்கைத் தாளுடன் விஞ்ஞானமும் பேசத் தொடங்கியபோது, அவள் ஒழுக்கத்தின் மீதே ஐயத்தை ஏற்றியது. மூட நம்பிக்கையும் முற்றுப்பெறாத விஞ்ஞானமும் ஒரே குற்றவாளியைச் சுட்டிய கொடுமையை என்னென்பது!

பரிகாரமோ புதுமருந்து அன்று. அஸ்பிரின் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. ஹெப்பாரின் 1916இல் கண்டெடுக்கப்பட்டது. 1997இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், இந்நோயுற்ற பெண்களுள் அஸ்பிரின் மட்டும் பெற்றவரில் நூற்றுக்கு 42 பேரும், இரண்டையும் பெற்றவரில் 71 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். மருந்து எப்போதோ பிறந்துவிட்டது. காரணத்தை அறியத்தான் காலம் சென்றது.

தாயிடமிருந்து சேய்க்கு எயிட்ஸ் கிருமியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென்று இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஊர் ஊராகச் சென்ற மருத்துவ மாதர்களும் இலவச வைத்தியமும் ஈட்டிய வெற்றி அது. கர்ப்பிணியின் இரத்தத்தைச் சோதிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அடுத்த கேள்வியையும் அந்த இரத்தத்திடம் கேட்க வேண்டும். மூதூரிலோ குச்சவெளியிலோ மூன்று முறை கருவை இழந்த ஏழைப் பெண்ணுக்கு உறைதல் நோய்க்கான சோதனையும், பன்னிரண்டு வாரம் கழித்து அதை உறுதிசெய்யும் மறுசோதனையும் கிடைப்பது சலுகை அன்று, உரிமை.

வகுப்பறையில் துறைமுகத்தின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டட்டும். குற்றவாளியெனக் கூண்டில் நிறுத்தப்பட்ட தாய், உண்மையில் வைத்தியம் மறுக்கப்பட்ட நோயாளி என்பதை அங்கே நம் இளைஞர்கள் காண்பார்கள்.