சாட்சியாக ஒரு சிறுமி

டெரி கில்லியமின் 'பரோன் மன்ச்சௌசனின் சாகசங்கள்' (1988) படத்தை ஒரு சிறிய திரையிடலில்தான் முதலில் பார்த்தேன். குண்டுகள் வெடிக்கிற இடத்தில் ஒரு சிறுமி பயந்து ஓடுகிறாள். 'புள்ள என்னமா நடிக்குது' என்றார் பக்கத்தில் இருந்தவர். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

சிறுமியின் பெயர் சாரா பாலி. 1979இல் கனடாவின் டொரொன்டோவில் பிறந்தவர். படப்பிடிப்பின்போது எட்டு, ஒன்பது வயது. நாம் திரையில் பார்த்தது நிஜமான பயம் என்று பின்னாளில் அவரே எழுதினார். வெடிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஓடியதையும், குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் கிடந்ததையும் சொன்னார். தன் பெற்றோரின் பொறுப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2005இல் கில்லியமுக்கே இதை எழுதினார். பார்க்க ஆபத்தாகத் தெரிந்தாலும் உண்மையில் ஆபத்து இல்லை என்ற தொனியில் பதில் வந்தது. அதாவது, குழந்தையின் ஞாபகம் வெறும் கற்பனை.

இதற்கொரு முன்வரலாறு உண்டு. 1921இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தன் சம்பாத்தியம் கரைந்துபோனதைக் கண்டு 1938இல் தாய்மீதும் மாற்றுத்தந்தைமீதும் வழக்குப் போட்டார். மறுவருஷம் கலிபோர்னியாவில் அவர் பெயராலேயே அறியப்படும் சட்டம் வந்தது. அது குழந்தையின் கூலியைப் பற்றிப் பேசிய சட்டம். குழந்தையின் பயத்துக்கு அதில் இடமில்லை. பயத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பாலி வழக்குமன்றம் போகவில்லை, கேமராவுக்குப் பின்னால் போனார். அதற்கு முன்பே தெருவுக்கும் போயிருந்தார். 1995இல் ஒன்டாரியோ மாகாண அரசை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் அடியில் இரண்டு பற்களை இழந்தார். படப்பிடிப்புத் தளத்தை ஒரு வேலைத்தலமாகப் பார்க்கும் கண் அவருக்கு அந்த அரசியலோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆலிஸ் மன்றோவின் கதையிலிருந்து 2006இல் எடுத்த 'அவே ஃப்ரம் ஹெர்' ஞாபகம் இழக்கும் மனைவியைப் பற்றியது. 'ஸ்டோரீஸ் வி டெல்' (2012) தன் பிறப்பின் ரகசியத்தைக் குடும்பத்தார் பலரும் தத்தம் வாயால் சொல்லும் ஆவணப்படம். பழைய வீட்டுப் படச்சுருள் என்று நாம் நம்பிய காட்சிகளில் பல, நடிகர்களை வைத்துப் புதிதாக எடுக்கப்பட்டவை என்று அதில் மெல்லத் தெரியவரும். யார் ஞாபகம் செல்லும், யார் ஞாபகம் செல்லாது என்பதுதான் இவற்றுக்குள் ஓடும் கேள்வி.

மிரியம் டேவ்ஸின் நாவலை ஒட்டி எடுத்த 'வுமன் டாக்கிங்' (2022) அந்தக் கேள்வியை நேராகக் கேட்கிறது. ஒரு மெனோனைட் குடியிருப்பில் மயக்க மருந்து கொடுத்து வன்புணரப்பட்ட பெண்களிடம், அதெல்லாம் உங்கள் கற்பனை என்று சொல்லப்படுகிறது. அவர்கள் வைக்கோல் பரணில் கூடி விவாதிக்கிறார்கள். திரைக்கதைக்கு 2023இல் ஆஸ்கர் கிடைத்தது. எனக்கு விருதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் படப்பிடிப்பு நடந்த விதம்தான். பிள்ளைகள் உள்ளவர்கள் நேரத்தோடு வீடு திரும்பும்படி வேலைநேரம் குறைக்கப்பட்டது. கடுமையான காட்சிகளுக்காக உளவியல் ஆலோசகர் ஒருவரும் உடனிருந்தார்.

இதை இயக்குநரின் நல்ல மனசு என்று முடித்துவிடக் கூடாது. கலைக்காக யாரையும் எதையும் வதைக்கலாம் என்ற மேதை வழிபாட்டுக்குத் தொழில்முறையிலேயே சொன்ன மறுப்பு அது. அந்த வழிபாட்டில் நம்மைப் போன்ற தீவிர ரசிகர்களுக்கும் பங்குண்டு.

பரோனின் கதையைப் பெரியவர்கள் பொய்யென்று ஒதுக்கும்போது படத்தில் நம்புகிறவள் அந்தச் சிறுமிதான். அவள் கதையை நம்ப அன்றைக்கு யாருமில்லை. தலையாட்டிக்கொண்டிருந்த நானும்தான்.