குருப்பட்டமும் சாதியும்: தரங்கம்பாடி மிஷனில் இராசநாயக்கன்

தரங்கம்பாடி லுத்தரன் திருச்சபையின் வரலாற்றில் 1733ஆம் ஆண்டு பெருமையுடன் நினைவுகூரப்படுகிறது. வேளாளரான ஆரோன் அவ்வாண்டில் குருப்பட்டம் பெற்றார். 1741இல் தியோகுவும் அப்பட்டம் பெற்றார். இவ்விருவரைப் போலவே கருதத்தக்கவர், பட்டம் பெறாத இராசநாயக்கன்.

அவர் பறையர் சமூகத்தவர். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதநூலைப் படித்ததே அவரை லுத்தரன் சபைக்குக் கொணர்ந்தது. பின்னர் உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் பல்லாண்டு உழைத்தார். அவரது அறிவையோ பக்தியையோ மிஷனரிகள் ஐயுறவில்லை. அவர் கையால் திருவிருந்து வழங்கப்படின் உயர்சாதிக் கிறித்தவர் அச்சடங்கையே மதியாது போவர் என்பதே அவர்களது அச்சம்.

சபைக்குள் நிலவிய சாதியைப் பேசுவோர் பெரும்பாலும் ஆலயத்தின் தனித்தனி இருக்கைகளையே சுட்டுவர். இருக்கைப் பிரிவினை கண்ணுக்குத் தெரிவது. எனவே ஆவணங்களிலும் எளிதில் அகப்படுகிறது. இராசநாயக்கனுக்கு நேர்ந்ததோ வேறு. திருவிருந்தைப் பெறுவதற்குத் தகுதியுடையவராக ஏற்கப்பட்ட அவர், அதனை வழங்குவதற்குத் தகுதியற்றவராக்கப்பட்டார். மேய்ப்பர்கள் தம் தயக்கத்திற்கு மந்தையைக் காரணம் காட்டினர். ஆனால் பட்டமளிக்கும் அதிகாரம் மந்தையிடம் இல்லை. இவ்வேறுபாட்டை மிஷன் வரலாறுகள் போதிய அளவு கருதவில்லை என்றே தோன்றுகிறது.

சபையில் சாதியை அறவே விலக்குமாறு கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையில் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு விலகினர். ஆரோன் குருப்பட்டம் பெற்று அப்போது நூறாண்டு ஆகியிருந்தது.